தோட்டப் பள்ளிக்கூடம் (மலாக்கா)

பிரிட்டிஷ் ஆட்சிக்கால மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக்குள்ளேயே, பெரும்பாலும் நிர்வாகத்தின் செலவில், தொழிலாளர் பிள்ளைகளுக்காக நடந்த தமிழ்ப் பள்ளி தோட்டப் பள்ளிக்கூடம் எனப்பட்டது. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் இன்றுள்ள தமிழ்ப்பள்ளிகளில் பல இதன் வழிவந்தவை. பழைய ஓரறைக் கொட்டகைகள் ஏறக்குறைய முற்றாக மறைந்துவிட்டன.

காலனிய ஆட்சியில் கல்வி இனவாரியாகப் பிரிந்து கிடந்தது. மலாய்ப் பிள்ளைகளுக்கு அரசு கிராமப் பள்ளிகள் நடத்தியது. சீனர்கள் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்திக்கொண்டனர். தமிழ்ப் பிள்ளைகள் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டனர். ஆங்கிலப் பள்ளி நகரத்துக்கு உரியது. மலாக்கா நகரில் 1826-இல் தொடங்கிய இலவசப் பள்ளியும் 1880-இல் தொடங்கிய செயின்ட் பிரான்சிஸ் பள்ளியும் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைக்குக் கட்டணமும் தொலைவும் அவற்றின் கதவை அடைத்தன. தென்னாப்பிரிக்காவிலோ அமெரிக்காவின் தென்மாநிலங்களிலோ இருந்ததுபோல இன்ன இனத்தார் இங்கே படிக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் வேண்டியிருக்கவில்லை. லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடமே அந்த வேலையைச் செய்தது.

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பினாங்கு இலவசப் பள்ளியை நிறுவிய பாதிரியார் ஹட்சிங்ஸின் முயற்சியில் அங்கே ஒரு தமிழ் வகுப்பு நடந்தது. அதைக் கொண்டே 2016-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. ஆங்கிலப் பள்ளிக்குள் நடந்த வகுப்பைத் தமிழ்ப்பள்ளி என்று எண்ணலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலாக்காவில் 1850-ஐ ஒட்டி ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளி ஒன்று நடந்ததாகக் கூறப்படுகிறது.

தோட்டப் பள்ளியைக் கொண்டுவந்தது ரப்பர். 1896-இல் வணிகர் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாக அது கருதப்படுகிறது. அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. கங்காணிகள் (ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளர்கள்) வழியாகத் தமிழகத்திலிருந்து ஆள் வந்தது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. மலாக்கா, தனி ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்ததால் அச்சட்டம் இங்கே செல்லவில்லை. 1920களின் சட்டங்களே இங்கு அந்தக் கடமையைக் கொண்டுவந்தன. சட்டத்துக்குப் பணிந்து துரைமார் (தோட்ட மேலாளர்கள்) பள்ளி வைத்தார்களா, குடும்பத்தோடு வந்த ஆட்களைத் தோட்டத்திலேயே தங்கவைக்க வைத்தார்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம்.

1920, 30களின் பள்ளியைப் பற்றியே அதிகச் செய்திகள் கிடைக்கின்றன. அத்தாப்பு அல்லது தகரக் கூரை, பாதிச் சுவர், மண் அல்லது சிமெண்டுத் தரை. ஒரே அறையில் முதல் வகுப்பும் நான்காம் வகுப்பும். பல தோட்டங்களில் ஆயாக்கொட்டகையின் (குழந்தைக் காப்பகத்தின்) ஒரு மூலை, கோயில் மண்டபம், காலியான லயத்து வீடு ஆகியவையே பள்ளியாயின. வாத்தியார் ஒருவர்தான். எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ (எழுத்தரோ) தம் வேலைக்கு நடுவே பாடம் சொன்ன இடங்களும் உண்டு. மலாய் ஆசிரியர்களுக்கு 1900 முதல் 1922 வரை மலாக்காவிலேயே பயிற்சிக் கல்லூரி இருந்தது. தமிழாசிரியருக்கு அப்படி ஒன்றும் இல்லை. புத்தகங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தன. ரப்பர் மரத்தைத் தவிர வேறு மரம் அதிகம் பாராத பிள்ளை, காவிரியையும் சோழ நாட்டையும் உரக்கப் படித்தது.

பள்ளியின் நேரத்தைத் தீர்மானித்தது மணியல்ல, பால்வெட்டு. விடியுமுன் பெரட்டு (ஆட்கணக்கெடுப்பு) முடிந்து பெற்றோர் வெட்டுக்காட்டுக்குப் போனபின் சிறியவர்கள் சிலேட்டோடு வந்தனர். பத்து வயதைத் தாண்டியவர்கள் மங்கு (பால் சேரும் கிண்ணம்) துடைக்கவும் ஒட்டுப்பால் (உறைந்த பால்) பொறுக்கவும் தாயோடு போய்விடுவர். சில தோட்டங்களில் அவர்களுக்கு வகுப்பே பிற்பகலில்தான். மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுதிப் பழகியது பழைய தோட்டத்தார் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அரசு மானியம் வருகையைப் பொறுத்து அமைந்ததால் வருகைப் பதிவேட்டுக்குப் பாடப்புத்தகத்தைவிட மதிப்பு அதிகம். சாதியை ஒட்டித் தனி லயங்கள் இருந்த தோட்டங்களில் பள்ளியில் உட்காரும் இடத்திலும் அந்தப் பிரிவு தொடர்ந்ததா என்பது இடத்துக்கு இடம் வேறுபட்டதாகத் தோன்றுகிறது. சாதி ஒழிப்பைப் பேசிய பெரியார் 1929-30-இல் மலாயா வந்து சென்றபின் சாதிக் கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் இதழும் தோட்டப் பள்ளிகளின் நிலையை எழுதியது.

1930-ஐ அடுத்த ரப்பர் விலைவீழ்ச்சியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர், பள்ளிகளும் சுருங்கின. 1936-37-இல் இந்திய அரசின் சார்பில் வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரி தம் அறிக்கையில் கல்வி நிலையையும் தொட்டுச் சென்றார். ஜப்பானியர் காலத்தில் (1942–45) பல பள்ளிகள் மூடிக் கிடந்தன. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

கல்வி பற்றிய 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அடுத்த ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளை நாட்டின் கல்வி அமைப்புக்குள் சேர்த்தன. பாடத்திட்டம் பொதுவாயிற்று, ஆசிரியர் சம்பளம் அரசுடையதாயிற்று. நிலம் மட்டும் தோட்டத்திடமே நின்றது. இதுவே பிற்காலத்து அழிவின் வேர் எனலாம். 1950களின் இறுதியிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றன. கூலியும் லயமும் போனபோது பிள்ளைகளும் போயினர். 1957-இல் நாடெங்கும் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள், இரண்டாயிரங்களில் 523 ஆயின. துண்டாடலைத் தடுக்க 1960-இல் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. சில பள்ளிகள் அதனால் நிலைத்தன.

எண்பதுகளுக்குப் பின் ரப்பர் செம்பனையாகவும், நகரை ஒட்டிய இடங்களில் வீடமைப்புத் தாமானாகவும் (குடியிருப்பாகவும்) மாறியது. எடுத்துக்காட்டாக, பாயா ரும்புட் இன்று தாமான்கள் சூழ்ந்த மலாக்கா நகரப் புறப்பகுதி. அங்கே தமிழ்ப்பள்ளி இயங்குகிறது. மாநிலத்தில் இப்போது 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளதாகக் கணக்கு. டைமண்ட் ஜூபிலி போன்ற தோட்டப் பெயர்களைப் பள்ளிகள் சில இன்னும் தாங்கியுள்ளன. அரசு நிலத்தில் இல்லாதவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாக வகைப்படுத்தப்பட்டு, கட்டடச் செலவுக்குப் பள்ளி வாரியத்தையும் நன்கொடையையும் நம்பியுள்ளன. மாணவர் 150-க்குக் குறைந்தவை சிறிய பள்ளிகள் என்ற வகையில் வைக்கப்படுகின்றன.