தேய்ந்த கித்தாரின் விலை

2004ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 24ஆம் நாள், நியூயார்க் நகரிலுள்ள கிறிஸ்டீஸ் ஏல நிலையத்தில் பழைய மின்கித்தார் ஒன்று விலைக்கு வந்தது. சிவப்பு வண்ணம் பூசப்பெற்றது. செய்யப்பட்ட ஆண்டு 1964. ஆங்கில இசைக் கலைஞர் எரிக் கிளாப்டன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தம்மிடம் வைத்து வாசித்த கருவி அது. 847,500 அமெரிக்க வெள்ளிக்கு அது விலைபோயிற்று. ஆன்டிகுவாத் தீவில் அவர் நிறுவிய போதை மறுவாழ்வு நிலையத்தின் நலனுக்காகவே அந்த ஏலம் நடைபெற்றது. இதே வகைக் கித்தார் 1958இல் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது, அதன் பட்டியல் விலை 267 வெள்ளி 50 காசு.

புகழாளர் கைபட்டதால் ஏறிய விலை இதுவென ஒதுக்கிவிடலாம். ஆனால், பெயர் தெரியாத ஒருவர் வாசித்துத் தேய்ந்த அக்காலக் கித்தாரும் புதியதைவிடப் பன்மடங்கு விலைக்கே போகின்றது. அதன் காரணத்தை அறியக் கருவியின் பிறப்பை அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம் 1936இல் இ.எஸ். 150 என்னும் மின்கித்தாரை வெளியிட்டது. வீணைக் குடம் போன்று அதன் உடல் முழுதும் கூடு. 1939இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், குழல்களுக்கு ஈடாக அதனைத் தனித்து ஒலிக்கச் செய்தார். 1942இல் அவர் மறைந்தபோது வயது 25தான். கூட்டு உடலுக்கோ ஒரு குறை இருந்தது. ஒலிபெருக்கியின் ஒலியை மிகுத்தால், அவ்வொலியே கித்தாரின் மேற்பலகையை அதிரச் செய்யும், அந்த அதிர்வு கம்பிகளுக்கு ஏறி மீண்டும் ஒலிபெருக்கிக்கே போகும், இசை ஊளையாகிவிடும்.

லெஸ் பால் என்னும் கலைஞர் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் நான்கு அங்குலக் கனமுள்ள பைன் கட்டையில் கம்பி பூட்டி, இருபுறமும் கித்தார் உடலின் பாதிகளை ஒட்டிப் பார்த்தார். ஊளை அடங்கியது. ஆயினும் கிப்சன் அன்று அதனை ஏற்கவில்லை. 1952இல்தான் அவர் பெயரால் முழுக்கட்டைக் கித்தாரை வெளியிட்டது. பின்னர் 1958இல், டெட் மெக்கார்ட்டி தலைவராயிருந்த காலத்தில், இரண்டிற்கும் இடைப்பட்ட இ.எஸ். 335 உருவாயிற்று. உடலின் நடுவே மேப்பிள் கட்டை ஒன்று நெடுக ஓடும்; இரு பக்கங்களும் கூடாகவே நிற்கும். பாதிக்கூட்டுக் கித்தார் என்பது இதுதான். கட்டை ஊளையைத் தடுத்தது. கூடு ஒலிக்குக் குழைவைத் தந்தது. எளிய தீர்வுதான்; ஆனால் அதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன!

இத்தகைய கித்தார் விற்பனைக்கு வந்தால், அறிந்தவர் முதலில் வாசித்துப் பார்ப்பதில்லை; உற்றுப் பார்க்கின்றனர். விரற்பலகையில் புள்ளிகள் இருந்தால் 1962க்கு முற்பட்டதாகலாம். கட்டங்கள் இருந்தால் அதற்குப் பிற்பட்டது. 1965இல் கழுத்தின் அகலம் குறைக்கப்பட்டமையால் அதற்கு முந்தியவற்றிற்கு மதிப்பு மிகுதி. சேத் லவர் 1955இல் வடிவமைத்த இரட்டைச் சுருள் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்னும் சிறு சீட்டு இருந்தால், விலை மேலும் ஏறும்.

தேய்மானத்திலும் இருவகை உண்டு. மெருகில் ஓடிய மயிரிழை வெடிப்பு, வெயிலில் வெளிறிய சிவப்பு, முழங்கை உராய்ந்து மரம் தெரியும் இடம் ஆகியவற்றை வாங்குவோர் பொறுத்துக்கொள்வர், விரும்பவும் செய்வர். ஆனால், அழகுபடுத்துவதாக எண்ணிப் புதிதாக மெருகு பூசிவிட்டால், விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்துவிடும். புதுப்பிக்கக் கொடுத்த பணமே இழப்பைத் தேடித்தரும் விந்தை இது! ஓலைச்சுவடியின் கறையை அகற்றப் புகுந்து எழுத்தையும் சேர்த்து அழிப்பதற்கு நிகரானது அச்செயல்.

இவ்வளவு விலையும் விற்பவர்க்கும் ஏலக்காரர்க்குமே உரியது. கட்டையை இழைத்துப் பொருத்திய கலமசூத் தொழிலாளர்க்கு அதிற் பங்கில்லை. கிப்சன் தன் பணிகளை டென்னசி மாநிலத்து நாஷ்வில்லுக்கு மாற்றி, 1984இல் கலமசூத் தொழிற்சாலையை மூடியது. ஊரைவிட்டுப் போக விரும்பாத சில ஊழியர்கள் 1985இல் 'ஹெரிட்டேஜ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பார்சன்ஸ் தெருவிலிருந்த அதே பழைய கட்டடத்தில், விட்டுச் செல்லப்பட்ட பழைய பொறிகள் சிலவற்றைக் கொண்டே, நடுக்கட்டை வைத்த பாதிக்கூட்டுக் கித்தார்களை அவர்கள் மீண்டும் செய்யலாயினர்.