அண்ணன்மார் கதைப் போர் குறித்த ஊகங்கள்
கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையில் பொன்னர், சங்கர் சகோதரர்களுக்கும் வேட்டுவருக்கும் நடக்கும் போரே கதையின் உச்சம். வேட்டுவர் வளர்த்த கொம்பன் என்னும் காட்டுப்பன்றியைக் கொன்றதும் பகை முற்றுகிறது. இரவிரவாக உடுக்கடித்துப் பாடப்படும் கதை இது. 1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் வட்டாரத்தில் ஒலிப்பதிவு செய்தபோது 18 இரவுகள் ஓடியது. பன்றி வெறும் விலங்கா, வேட்டுவப் படையின் உருவகமா, உழவருக்கும் காட்டு வேட்டைக் குடிகளுக்கும் நிலத்துக்காக நடந்த மோதலின் நினைவா என்று பலவிதமாக ஊகிக்கப்படுகிறது. கதை நடந்த காலமும் உறுதியில்லை. போரில் தோற்காத சங்கர் தன் வாளிலேயே வீழ்ந்து உயிர்விடுவதுதான் கேட்போரை அதிகம் உறுத்துவது. விதித்த ஆயுள் முடிந்தது என்கிறது பாட்டு. வீரப்பூர் மாசித் திருவிழாவில் அவர்கள் வீழ்ந்த படுகளக் காட்சி நடித்துக் காட்டப்படுகிறது. மு. கருணாநிதி இக்கதையை நாவலாக்கினார். 2011இல் திரைப்படமும் வந்தது.