கட்சிப் பெயரை அழித்தவர்கள்: சிகாகோ மேயர் தேர்தலின் கதை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் மேயர் தேர்தல் வாக்குச்சீட்டில் எந்த வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்திலும் கட்சியின் பெயர் இருக்காது. சட்டப்படி அது கட்சி சார்பற்ற தேர்தல். ஆனால் 1931-க்குப் பிறகு அந்த நகரத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர் அல்லாத ஒருவர் மேயரானதே இல்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கட்சி ஆளும் ஊரில் கட்சி சார்பற்ற தேர்தல் எதற்கு? அதைக் கேட்டவர்கள் யார்? எப்போது கேட்டார்கள்?

விதிகளை நாம் பெரும்பாலும் வாசகமாகத்தான் படிக்கிறோம். "பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால்தான் வெற்றி, இல்லாவிட்டால் முதல் இரண்டு பேருக்குள் இன்னொரு சுற்று." படிக்கும்போது இதில் எந்த அநீதியும் தெரியாது. விதி பிறந்த தேதியைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறு கதை தெரியும்.

டேலியின் ராஜ்யம்

1955 முதல் 1976-ல் இறக்கும்வரை ரிச்சர்ட் ஜே. டேலி சிகாகோவின் மேயர். மேயர் மட்டுமல்ல, அந்த மாவட்ட ஜனநாயகக் கட்சியின் தலைவரும் அவரே. நகரின் 50 வட்டங்களுக்கும் ஒரு கட்சிச் செயலாளர். அவருக்குக் கீழே தெருவுக்குத் தெரு ஆட்கள். மாநகராட்சி வேலை வேண்டுமா, தெருவிளக்கு எரிய வேண்டுமா, கட்சிக்காரரைப் பார்க்க வேண்டும். பதிலுக்கு வாக்கு. கறுப்பின மக்கள் வாழும் வட்டங்களும் இந்த இயந்திரத்துக்குள்தான் இருந்தன. வாக்குகளை அள்ளிக் கொடுத்தன. கிடைத்ததோ கடைநிலை வேலைகளும் நெரிசலான அடுக்குமாடிக் குடியிருப்புகளும்தான்.

ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். சிகாகோ மாமன்ற உறுப்பினர் தேர்தல் 1920-களிலிருந்தே கட்சிப் பெயர் இல்லாமல்தான் நடந்துவந்தது. அப்படியும் மாமன்றம் டேலியின் பாக்கெட்டில் இருந்தது. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரை எடுத்துவிட்டால் கட்சி ஆதிக்கம் போய்விடும் என்பது எவ்வளவு பொய் என்பதற்கு சிகாகோவே சாட்சி.

டேலி இறந்தபோது மாமன்றத்தின் தற்காலிகத் தலைவராக இருந்தவர் வில்சன் ஃப்ராஸ்ட் என்ற கறுப்பினத்தவர். அடுத்த மேயர் தேர்ந்தெடுக்கப்படும்வரை பொறுப்பு தனக்கே வரவேண்டும் என்றார். விடவில்லை. மைக்கேல் பிலாண்டிக் என்ற வெள்ளையரை மாமன்றம் மேயராக்கியது. ஃப்ராஸ்டுக்கு நிதிக்குழுத் தலைவர் பதவி கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். நம் ஊரில் எத்தனை பேருக்கு இப்படித் துணைப்பதவி கொடுத்து வாயை அடைத்திருக்கிறார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1983: கணக்கு மாறியது

1980-ல் சிகாகோ மக்கள்தொகையில் பத்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் வாக்களிக்கப் போகாதவர்களும் ஏராளம். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஹெரால்ட் வாஷிங்டனை மேயர் தேர்தலில் நிற்கச் சொல்லி இயக்கங்கள் அழைத்தபோது, முதலில் 50,000 புதிய வாக்காளர்களைச் சேர்த்துக் காட்டுங்கள் என்றார். உதவித்தொகை அலுவலகங்கள், தேவாலயங்கள், வானொலி என்று எல்லா இடத்திலும் வேலை நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்ந்தார்கள். வாஷிங்டன் களத்தில் இறங்கினார்.

அங்கே இரண்டு படி உண்டு. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தீர்மானிக்கும் பிரைமரி தேர்தல் முதலில். பிறகு கட்சிகளுக்கு இடையிலான பொதுத்தேர்தல். சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றால் மேயரானது மாதிரிதான். 1979 பொதுத்தேர்தலில் அக்கட்சியின் ஜேன் பர்ன் 82 சதவீத வாக்கு வாங்கினார்.

1983 பிப்ரவரி பிரைமரியில் மூன்று பேர்: பதவியில் இருந்த பர்ன், பழைய டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி, வாஷிங்டன். வெள்ளையர் வாக்குகள் இரண்டாகப் பிரிந்தன. வாஷிங்டன் சுமார் 36 சதவீதம், பர்ன் சுமார் 34, டேலி சுமார் 30. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. முதலிடம் வந்தவர் வேட்பாளர்.

அடுத்து நடந்ததுதான் வரலாறு. காலங்காலமாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்குக் கேட்ட வட்டச் செயலாளர்கள் பலர் வெளிப்படையாகவே குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டன் பக்கம் தாவினார்கள். 'காலம் கடந்துவிடும் முன்' எப்டனுக்கு வாக்களியுங்கள் என்றது அவரது விளம்பரம். எதற்கு முன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குருத்தோலை ஞாயிறன்று வாஷிங்டனும் முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேலும் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போனபோது வெளியே கூட்டம் வசைபாடியது. தேவாலயக் கதவில் இனவசையோடு 'செத்துப்போ' என்று எழுதியிருந்தார்கள்.

ஏப்ரல் 12 அன்று வாஷிங்டன் வென்றார். சுமார் 13 லட்சம் வாக்குகள் பதிவான தேர்தலில் வித்தியாசம் ஏறக்குறைய 48,000. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு 82 சதவீதம் வாங்கிய கட்சி, வேட்பாளரின் தோல் நிறம் மாறியதும் 52 சதவீதத்தில் வந்து நின்றது. வெள்ளை வாக்காளர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர்தான் அவருக்குப் போட்டார். லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றார்கள். அந்தக் கூட்டணிதான் கரைசேர்த்தது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இருந்ததால்தான் இந்தத் துரோகம் கண்ணுக்குத் தெரிந்தது. 82-க்கும் 52-க்கும் இடையில் ஓடிப்போனவர்கள் யார் என்று எண்ண முடிந்தது.

விளையாட்டின் விதியை மாற்றுவோம்

வாஷிங்டன் மேயரான பிறகும் 50 பேர் மாமன்றத்தில் 29 பேர் எட்வர்ட் வெர்டோலியாக் தலைமையில் அணி கட்டி அவரது நியமனங்களை முடக்கினார்கள். அவரிடம் இருந்தது தடுப்பதிகாரம் மட்டுமே. அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எதிரணியிடம் அது இல்லை. கறுப்பின, லத்தீன் மக்களின் வாக்குகளைச் சிதறடிக்கும்படி வட்டங்கள் பிரிக்கப்பட்டிருந்தன என்ற வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டது. 1986-ல் ஏழு வட்டங்களில் மறுதேர்தல் நடந்தது. மாமன்றம் 25-க்கு 25 ஆனது. சமநிலையை உடைக்கும் வாக்கு மேயருடையது.

அதே 1986-ல்தான் கட்சி சார்பற்ற மேயர் தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. டேலி மகனின் ஆதரவாளர்கள் கையெழுத்து வாங்கிக் கிளம்பினார்கள். பிரைமரி வேண்டாம், எல்லோரும் ஒன்றாக நிற்கட்டும், யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் முதல் இருவருக்குள் மறுபோட்டி. நோக்கம் வெளிப்படை: 1983-ல் பிரிந்த வெள்ளையர் வாக்குகள் இரண்டாம் சுற்றில் ஒரே ஆளின் பின்னால் சேர்ந்துவிடும். அத்தனை ஆண்டுகள் கட்சிப் பெயரால் வாழ்ந்தவர்களுக்கு, கறுப்பினத்தவர் ஒருவர் அந்தப் பெயரோடு ஜெயித்த பிறகு கட்சிப் பெயர் கசந்துவிட்டது.

வாஷிங்டன் தரப்பு அசரவில்லை. ஒரு தேர்தலில் மூன்று கேள்விகளுக்கு மேல் மக்கள் வாக்கெடுப்புக்கு விடக்கூடாது என்று மாநிலச் சட்டம் சொன்னது. அந்த மூன்று இடத்தையும் மாமன்றமே வேறு கேள்விகளால் நிரப்பிவிட்டது. கோரிக்கைக்கு இடமே இல்லாமல் போனது. 1987-ல் பழைய விதிப்படியே தேர்தல் நடந்தது. வாஷிங்டன் பிரைமரியிலும் பொதுத்தேர்தலிலும் பாதிக்கு மேல் வாங்கி வென்றார். யாருடைய பிளவும் இல்லாமலே வெல்லக்கூடியவர் என்று காட்டினார். ஆனால் அந்த ஆண்டு நவம்பர் 25 அன்று தன் அலுவலகத்திலேயே சரிந்து இறந்துபோனார்.

அதன்பின் கறுப்பின அரசியல் இரண்டாக உடைந்தது. 1989 இடைத்தேர்தலில் டேலி மகன் மேயரானார், 2011 வரை இருந்தார். 1995-ல் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தபோது, 1986-ல் தோற்ற அதே யோசனை சட்டமானது. சிகாகோ மேயர் தேர்தல் கட்சி சார்பற்றதாயிற்று. 1999-ல் அந்த விதியின் கீழ் நடந்த முதல் தேர்தலில் டேலியிடம் தோற்றவர் பாபி ரஷ். இலினாய் மாநிலக் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்துக்கொண்டது அந்தக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான்.

இது சிகாகோவின் கதை மட்டுமல்ல

டெட்ராய்ட் நகரம் 1918-லேயே கட்சி இல்லாத தேர்தலுக்கு மாறியது. ஊழலை ஒழிப்போம் என்றார்கள். கூடவே வட்டங்களையும் ஒழித்து, முழு நகரமும் சேர்ந்து எல்லா உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும்படி செய்தார்கள். முதல் கறுப்பின உறுப்பினர் அந்த மாமன்றத்துக்குள் நுழைய 1957 ஆகிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் 1969-ல் டாம் பிராட்லி முதல் சுற்றில் 42 சதவீதம் வாங்கி முதலிடம் வந்தார். மேயராக இருந்த சாம் யார்ட்டிக்கு 26தான். இரண்டாம் சுற்றில் யார்ட்டி பயத்தை விதைத்து 53 சதவீதத்தோடு ஜெயித்தார்.

முதல் படியில் நாம் தேர்ந்தெடுத்தவரை இரண்டாம் படியில் மற்றவர்கள் தள்ளிவிடும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. 1932 செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் மாகாணங்களில் 148 இடங்களை ஒதுக்கியது. அதில் இரண்டு படி: முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். முதல் படியில் நம் மக்களின் முதல் தேர்வாக வந்தவர் இரண்டாம் படியில் தோற்க வழியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய குறை இதுதான்: இடம் நமக்கு, தேர்வு அவர்களுக்கு.

எதிர்வாதமும் உண்மையே

நேர்மையாக மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே இரண்டு சுற்று விதியின் கீழ்தான் 2019-ல் லோரி லைட்ஃபுட், டோனி பிரெக்விங்கிள் என்ற இரு கறுப்பினப் பெண்கள் இறுதிச்சுற்றுக்கு வந்தார்கள். லைட்ஃபுட் 50 வட்டங்களிலும் வென்றார். 2023-ல் முதல் சுற்றில் பால் வேலஸ் சுமார் 33 சதவீதம், பிராண்டன் ஜான்சன் சுமார் 22. இறுதியில் ஜான்சன்தான் மேயர். இரண்டாம் சுற்று இல்லையென்றால் அந்த ஆண்டு வென்றிருக்க வேண்டியவர் வேலஸ். லாஸ் ஏஞ்சலஸிலும் 1973-ல் பிராட்லி திரும்பி வந்து வென்றார். கறுப்பினத்தவர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இருந்த நகரம் அது. ஆக, விதி விலங்கு அல்ல. கூட்டணி கட்டத் தெரிந்தவர்கள் எந்த விதியையும் தாண்டுகிறார்கள்.

ஆனால் இழப்பும் இருக்கிறது. 2015-ல் மேயர் ராம் இமானுவேல் முதல் முறையாக இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார். எதிரே நின்ற ஹேசுஸ் கார்சியா 1986 மறுதேர்தலில் மாமன்றத்துக்கு வந்த வாஷிங்டன் அணிக்காரர். இருவரும் ஜனநாயகக் கட்சியினர். கட்சி எந்தப் பக்கம் என்று யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 7 அன்று இமானுவேல் வென்றார். ஒரு வாரம் கழித்து, காவலர் ஒருவர் 16 முறை சுட்டுக் கொன்ற 17 வயது கறுப்பின இளைஞர் லக்வான் மெக்டொனால்டின் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் இழப்பீட்டை மாமன்றம் ஏற்றது. சுட்டது 2014 அக்டோபரில். காணொளி நீதிமன்ற உத்தரவால் வெளிவந்தது 2015 நவம்பரில். இடையில்தான் தேர்தல் முடிந்திருந்தது.

1983-ல் 13 லட்சம் பேர் வாக்களித்த நகரத்தில் 2023 இறுதிச்சுற்றில் வாக்களித்தவர்கள் சுமார் 6 லட்சம். விதி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் எந்தப் பக்கம் என்று தெரியாத தேர்தலில் ஏழை மக்கள் வரிசையில் நிற்க ஆர்வம் குறைவது இயல்பு.

ஆகவே நண்பர்களே, 'கட்சி சார்பற்ற', 'ஊர் ஒற்றுமைக்காக', 'பொது வேட்பாளர்' என்ற சொற்களை யாராவது எடுத்துவரும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதுவரை இது ஏன் தேவைப்படவில்லை? நம்மில் ஒருவர் ஜெயித்த பிறகு ஏன் தேவைப்படுகிறது? கேட்டுவிட்டு, வாஷிங்டனுக்காக வேலை செய்தவர்கள் செய்ததைச் செய்யுங்கள். முதலில் வாக்காளர் பட்டியலை எடுத்து, விடுபட்ட நம் பெயர்களை எண்ணுங்கள்.