அயல்நாட்டு மாணவரை அழைத்த நகரங்கள்

ஓர் ஊருக்குப் பெருமை தருவது எது என்று கேட்டால், கோவில் என்பார் சிலர். கோட்டை என்பார் சிலர். சந்தை என்பார் வேறு சிலர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு நகரத்தார் ஒருவரைக் கேட்டிருந்தால், எங்கள் ஊரில் எத்தனை நாட்டு மாணவர் பயில்கின்றனர் தெரியுமா என்று எதிர்க்கேள்வி போட்டிருப்பார். அயல்நாட்டு மாணவரைத் தம் கல்விக்கூடங்களுக்கு வரவழைப்பதில் இன்று நாடுகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. இது புதிய வழக்கம் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அன்று; ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே இப்போட்டி மும்முரமாக நடந்தது. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்தால், பல்கலைக்கழகம் என்னும் அமைப்பு எவ்வாறு தோன்றியது என்பதும் நமக்குப் புலனாகும்.

வட இத்தாலியில் பொலோன்யா என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1088-ஆம் ஆண்டில் தோன்றியது என்பது மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே ரோமானியச் சட்டத்தைக் கற்பிக்கும் பேராசிரியர்கள் புகழ்பெற்று விளங்கினர். அவர்களிடம் பாடங்கேட்க ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஜெர்மானியரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் வந்தனர். இவர்கள் பாலகர் அல்லர். பலர் வயது வந்தவர்கள். கையில் பொருள் உடையவர்கள். அவர்கள் வீட்டுக்கு வாடகை கொடுத்தனர். ரொட்டியும் திராட்சை மதுவும் வாங்கினர். புத்தகம் எழுதுவோர்க்கும் தோல்தாள் செய்வோர்க்கும் தொழில் கொடுத்தனர். மாணவர் பெருகப் பெருக நகரத்தின் செல்வமும் பெருகிற்று.

ஆயினும் அம்மாணவர் நிலைமை இரங்கத்தக்கதாய் இருந்தது. அக்காலத்தில் ஒரு நகரத்தின் சட்டம் அந்நகரத்துக் குடிமக்களையே பாதுகாத்தது. வெளியூரான் ஏமாற்றப்பட்டால் கேட்பார் இல்லை. இதனினும் கொடிய வழக்கம் ஒன்று இருந்தது. ஜெர்மானிய வணிகன் ஒருவன் பொலோன்யாவில் கடன் வாங்கிவிட்டு ஓடிப்போனான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவன், அவ்வணிகனை முன்பின் அறியாத வேறொரு ஜெர்மானிய மாணவனைத் தெருவில் மறித்து, அவன் பொருளைப் பறித்துக்கொள்ளலாம். ஒரே நாட்டார் என்பது ஒன்றே குற்றமாயிற்று!

பார்பரோசா என்று வழங்கப்பட்ட பேரரசர் முதலாம் பிரடெரிக், 1150-களில் இதற்கு ஒரு முடிவு கட்டினார். கல்வியை நாடித் தம் நாட்டைவிட்டுப் பயணம் செய்வோர் பேரரசின் பாதுகாப்புக்கு உரியவர் என்றும், ஒரு நாட்டான் பட்ட கடனுக்கு அந்நாட்டு மாணவனைப் பிடித்தல் கூடாது என்றும், மாணவன்மீது வழக்கு எழுந்தால் அவன் தன் ஆசிரியர் முன்னிலையிலோ ஆயர் முன்னிலையிலோ விசாரிக்கப்படலாம் என்றும் அவர் ஆணை பிறப்பித்தார். அயலூர் மாணவன் இரக்கத்துக்கு உரியவன் என்ற நிலை மாறி, உரிமைக்கு உரியவன் என்ற நிலை பிறந்தது. கல்வி வரலாற்றில் இவ்வாணை ஒரு மைல்கல்.

ஆனால் பேரரசர் இருந்த இடம் எங்கே, பொலோன்யாவின் சந்து எங்கே? நாள்தோறும் வாடகைக்காரனோடும் கடைக்காரனோடும் போராட வேண்டியவர் மாணவரே அன்றோ? ஆகவே அவர்கள் தம்முள் சங்கம் அமைத்துக்கொண்டனர். அச்சங்கத்துக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரிலிருந்தே ஆங்கிலத்தில் ‘யுனிவர்சிட்டி’ என்ற சொல் வந்தது. நான் வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போது, ‘அப்படியானால் அச்சொல்லுக்கு எல்லாக் கலைகளும் பயிலும் இடம் என்பது பொருள் இல்லையா, ஐயா?’ என்று மாணவர் கேட்பதுண்டு. முதற்பொருள் அஃதன்று. ஒரு நோக்கத்துக்காக ஒன்றுகூடிய மக்களின் குழு என்பதே முதற்பொருள். தச்சர்க்கும் நெசவாளர்க்கும் இருந்த குழுவைப் போன்றதே இதுவும். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்தோர் ஒரு குழுவாகவும், இப்பாலிருந்து வந்தோர் மற்றொரு குழுவாகவும் கூடித் தத்தம் தலைவரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். பொலோன்யாவின் சொந்தக் குடிமக்களான மாணவர்க்கு இக்குழுக்களில் இடம் இல்லை. நகரச் சட்டமே அவர்களுக்குத் துணையாக இருந்தமையால் வேறு துணை வேண்டியதில்லை. எனவே அந்நகரில் பல்கலைக்கழகத்தை உண்டாக்கியவர் யார் என்று வினவினால், பாதுகாப்பின்றித் தவித்த அயலூர் மாணவரே என்று விடை கூறுதல் வேண்டும்.

இச்சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை; தோட்டம் இல்லை; பெரிய நூலகமும் இல்லை. ஆசிரியர் தம் இல்லத்திலோ வாடகைக் கூடத்திலோ பாடஞ்சொன்னார். வறுமை போலத் தோன்றும் இந்நிலையே மாணவரின் வலிமையாயிற்று. கட்டடம் இல்லாத பள்ளி எந்நேரமும் மூட்டை கட்டலாம்! நகரத்தார் அநீதி செய்தால் ‘நாங்கள் வேறு ஊருக்குப் போகிறோம்’ என்றனர் மாணவர். 1222-இல் ஒரு பெருங்கூட்டம் பொலோன்யாவை விட்டுச் சென்று பாதுவா நகரில் குடியேறியது. பாதுவாப் பல்கலைக்கழகத்தின் தோற்றம் அதுவே. பொலோன்யா நகரத்தார் இந்த அபாயத்தை முன்னமேயே உணர்ந்திருந்தனர். வேறு ஊரில் கற்பிப்பதில்லை என்று 1189 முதலே ஆசிரியரிடம் சத்தியம் வாங்கத் தொடங்கியிருந்தனர். மாணவரோ ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை. குறித்த நேரத்தில் பாடம் தொடங்காத ஆசிரியர்க்கு அபராதம் உண்டு. கடினமான பகுதியைத் தாண்டிச் செல்பவர்க்கும் அபராதம் உண்டு. ஆசிரியத் தொழிலில் ஆயுளைக் கழித்த எனக்கு இச்செய்தியைச் சொல்லும்போது சிறிது அச்சமாகத்தான் இருக்கிறது!

இனி, நகரங்கள் மாணவரை அழைத்த முறைகளைக் காண்போம். மூன்று முறைகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கட்டாய முறை. பார்பரோசாவின் பெயரரான இரண்டாம் பிரடெரிக் 1224-இல் நேப்பிள்ஸ் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினார். மாணவர்க்குக் கடன் வசதியும், தங்கும் வீடுகளும், வழிப் பாதுகாப்பும் அளிப்பதாக அறிவித்தார். அத்துடன் நின்றாரா? இல்லை. தம் சிசிலி இராச்சியத்துக் குடிமக்கள் வேறெங்கும் சென்று படித்தல் ஆகாது என்று தடையும் விதித்தார். ஆயினும் கட்டளைக்கு அஞ்சி வந்த கூட்டம் நிலைபெறவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அதனை அவர் ஒருமுறைக்கு மேல் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, ஒப்பந்த முறை. 1228-இல் வெர்செல்லி என்னும் நகரத்தின் தூதர்கள் பாதுவாவுக்குச் சென்றனர். அங்கே பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், நார்மானியர், புரோவென்சு நாட்டார், ஸ்பானியர், கட்டலானியர் முதலிய பல நாட்டு மாணவரின் தலைவர்களோடு உடன்படிக்கை எழுதினர். மாணவர் வெர்செல்லிக்கு வந்தால் நகரம் 500 வீடுகளை அவர்களுக்கென ஒதுக்கும். மிகச் சிறந்த வீட்டுக்கும் வாடகை 19 பவியா லிராவுக்கு மேற்படாது. மாணவர்க்குக் குறித்த வட்டியில் கடன் கொடுக்க 10,000 லிரா ஒதுக்கப்படும். ஆசிரியர்களின் ஊதியத்தை நகரமே கொடுக்கும். பாடநூல்களைப் படியெடுத்துத் தருவோர் அமர்த்தப்படுவர். இத்தாலிய நகரங்கள் தோறும் தூதர் சென்று, வெர்செல்லியில் கல்விக்கூடம் அமைந்துள்ளது என்று அறிவித்து மாணவரை அழைப்பர். இவ்வுடன்படிக்கைக்குக் காலம் எட்டு ஆண்டு. மாணவரே ஒரு நகர அரசோடு சரிசமமாக அமர்ந்து பேரம் பேசிய காட்சியை எண்ணிப் பாருங்கள்! வெர்செல்லியின் கல்விக்கூடம் பாதுவாவைப்போல் நெடுங்காலம் புகழோடு விளங்கவில்லை என்பது உண்மை. ஆயினும் மாணவனுக்கு எவை தேவை என்பதை அந்த ஒப்பந்தத்தைப்போல் தெளிவாக எடுத்துரைக்கும் ஆவணங்கள் மிகச் சிலவே.

மூன்றாவது, இனிய சொல்லால் அழைக்கும் முறை. 1229-இல் பாரிஸ் நகரில் மதுக்கடை ஒன்றில் எழுந்த சச்சரவு பெருங்கலகமாக மூண்டது. அரசப் பிரதிநிதியாக ஆண்ட அரசி பிளாஞ்சின் உத்தரவின் பேரில் காவலர் மாணவரைத் தாக்கினர். சிலர் உயிர் இழந்தனர். நீதி கிடைக்காமையால் ஆசிரியர்கள் பாடங்களை நிறுத்தி நகரை விட்டு வெளியேறினர். பாரிஸின் துன்பம் பிறர்க்கு வாய்ப்பாயிற்று. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி, தம் நாட்டில் விரும்பிய ஊரில் தங்கிப் படிக்கலாம் என்று அவர்களுக்கு ஓலை அனுப்பினார். அதே ஆண்டில் தென் பிரான்சில் துலூஸ் நகரிலும் ஒரு பல்கலைக்கழகம் புதிதாக அமைந்தது. போரில் தோற்ற துலூஸ் கோமகன் ஏழாம் ரேமண்டு, சமாதான உடன்படிக்கையின் ஒரு நிபந்தனையாகப் பேராசிரியர்களுக்குப் பத்தாண்டுகள் ஊதியம் தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அங்கே ஆசிரியராகச் சென்ற கார்லண்டு ஜான் என்னும் ஆங்கிலேய இலக்கணப் புலவர், உலகெங்கும் உள்ள கற்றோர்க்கு விடுக்கப்பட்ட ஓர் அழைப்புமடலை எழுதி வைத்திருக்கிறார். இங்கே உணவுப் பண்டம் மலிவு. மக்கள் மரியாதை உடையவர். கோமகனின் பாதுகாப்பு உண்டு. பாரிஸில் தடைசெய்யப்பட்ட அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களை இங்கே தாராளமாகக் கேட்கலாம் என்றெல்லாம் அம்மடல் ஆசை காட்டுகிறது. இன்று கல்லூரிகள் வெளியிடும் வண்ண விளம்பரங்களுக்கு இதனையே மூதாதை என்னலாம்.

அழைப்பின் பயன் யாது? கோமகன் மனம் உவந்து பொருள் கொடுத்தவர் அல்லர். ஆகவே ஊதியம் சரிவரக் கிடைக்கவில்லை. வெற்றி பெற்றோர் தம்மீது திணித்த கல்விக்கூடம் என்று ஊராரும் அதனை வெறுத்தனர். சில ஆண்டுகளில், மடலைப் பாதுகாத்து வைத்த ஜானே துலூஸை விட்டுப் பாரிஸுக்குத் திரும்பிவிட்டார்! பாரிஸ் தன் மாணவரை மீட்டது எங்ஙனம்? இனிய மடல் எழுதி அன்று. 1231-இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரெகோரி ஓர் ஆணை வெளியிட்டார். மாணவர்க்கு அநீதி இழைக்கப்பட்டு ஈடு கிடைக்காவிடில் பாடங்களை நிறுத்திவைக்கும் உரிமையும், விடுதி வாடகையை நியாயமாக மதிப்பிடும் உரிமையும் அதனால் பல்கலைக்கழகத்துக்கு உறுதியாயின. உரிமை கிடைத்ததும் ஆசிரியரும் மாணவரும் திரும்பினர்.

இவ்வளவும் ஐரோப்பியர் கதை. நம் நாட்டில் இத்தகைய எண்ணம் இல்லையா என்று நீங்கள் வினவக்கூடும். இருந்தது. ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நாளந்தா பிறநாட்டாரை ஈர்த்தது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து யுவான் சுவாங்கும், அவருக்குப் பின் இத்சிங்கும் அங்கே தங்கிக் கற்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட செப்பேடு ஒன்று நாளந்தாவில் கிடைத்தது. சுவர்ணத்தீவின் மன்னர் பாலபுத்திரதேவர் அங்கே ஒரு விகாரம் கட்டுவித்தார் என்றும், அவர் வேண்டுகோளுக்கு இணங்கிப் பால அரசர் தேவபாலர் ஐந்து கிராமங்களை அதற்கு அளித்தார் என்றும் அது கூறுகிறது. அங்குத் தங்குவோரின் உணவு, உடை, மருந்து ஆகியவற்றுக்கும், நூல்களைப் படியெடுப்பதற்கும் அவ்வருவாய் உரியது. வெர்செல்லியின் உடன்படிக்கையிலும் நூற்படி எடுப்போர் இடம்பெற்றதை நினைவுகூருங்கள். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டார், கற்க வந்தவனுக்கு இருப்பிடமும் நூலும் வேண்டும் என்பதில் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்.

மாணவச் செல்வங்களே, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் என் பழைய மாணவர் சிலர் பிறநாட்டுக் கல்லூரிகளின் அழைப்பேடுகளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவதுண்டு. பளபளப்பான தாள், பச்சைப் புல்வெளி, சிரித்த முகங்கள். நான் அவர்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். உனக்கு அங்கே அநீதி நேர்ந்தால் முறையிடும் இடம் எது? வாடகையும் உணவுச் செலவும் உன் குடும்பம் தாங்கும் அளவினவா? உனக்குக் கற்பிக்கப் போகிறவர் யார், அவர் அங்கே நிலையாக இருப்பாரா? நூலும் ஆய்வுக்கூடமும் உனக்குத் தடையின்றிக் கிடைக்குமா? இவை நான் புதிதாகக் கண்டுபிடித்த கேள்விகள் அல்ல. 1228-இல் வெர்செல்லியின் தூதர்களிடம் மாணவர் எழுதி வாங்கிய உறுதிமொழிகளையும் அக்காலத்து ஆணைகளையும் படித்தால் எவர்க்கும் எழும் கேள்விகளே. தந்தை நிலத்தை ஈடுவைத்துப் பணம் கட்டும் குடும்பங்களுக்கு இக்கேள்விகளின் அருமை நன்கு விளங்கும்.

நம் கல்லூரிகளுக்கும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் மாணவர் வருகின்றனர். அவர்களுக்கு வீடு கொடுப்பவரும், கடையில் பொருள் விற்பவரும், வகுப்பில் அருகே அமர்பவரும் நாமே. எவனோ ஒருவன் செய்த குற்றத்துக்காக அவன் நாட்டார் அனைவரையும் ஐயுறுவோமானால், பார்பரோசா ஒழிக்க முயன்ற அப்பழைய வழக்கத்தை நாம் புதுப்பித்தவர் ஆவோம். அழைப்புமடல் எழுதுவதற்கு ஒரு நாள் போதும். அழைக்கப்பட்டு வந்தவன், இங்கும் எனக்கு நியாயம் உண்டு என்று நம்பித் துயிலும்படி செய்வதற்கு ஓர் ஊரே முயல வேண்டும்.