மந்தையில ஒரு கோல்ஃப் மைதானம்

ஆணி புடுங்க என்னை எடின்பரோவுக்கு அனுப்பியிருந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா இருக்க முடியாம ரயில் ஏறி லூக்கர்ஸ்ல இறங்கி, அங்கேருந்து பஸ் பிடிச்சு செயின்ட் ஆண்ட்ரூஸ் போனேன். கோல்ஃபோட தாய்வீடுன்னு சொல்ற 'ஓல்டு கோர்ஸ்' அங்கதான் இருக்கு. காரைக்குடிக்காரனுக்கு கோல்ஃப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. டைகர் உட்ஸ் பேர் தெரியும், அம்புட்டுதான்.

வாசல்ல செக்யூரிட்டி நிப்பான், உள்ள விடமாட்டான்னு நெனச்சுதான் போனேன். வாசலே இல்லை மக்கா! ஒரு பாட்டி நாயை கூட்டிக்கிட்டு க்ரீன் பக்கத்துல நடந்து போகுது. பசங்க ஓடி விளையாடுறாங்க. பெரிய போட்டி நடக்குற சில நாளைத் தவிர ஞாயித்துக்கிழமை அங்க ஆட்டமே கிடையாதாம். ஊர்க்காரங்க நடக்குறதுக்கு விட்டுருவாங்க. ஏன்னா அது கிளப் சொத்து இல்லை, ஊர்ப் பொதுநிலம்.

நம்ம பாஷையில சொன்னா மந்தை. 'லிங்க்ஸ்'னா கடலுக்கும் விவசாய நிலத்துக்கும் நடுவுல கெடக்குற மணல்மேடு. உழவுக்கு ஆகாது, ஆடு மேய்க்கலாம், அவ்வளவுதான். அதனாலதான் விளையாட்டுக்கு மிஞ்சியிருக்கு. 1552-ல ஜான் ஹாமில்டன்ங்கிற பேராயர் அந்த மணல்ல முயல் வளர்த்துக்க ஊரு அனுமதி கொடுத்துச்சு. பதிலுக்கு அங்க ஆடு மேய்க்கவும், கோல்ஃப், ஃபுட்பால் ஆடவும் ஊர் ஜனங்களுக்கு இருந்த உரிமையை அவர் எழுத்துல ஒத்துக்கிட்டார்.

இந்த முயல்தான் பின்னாடி வில்லன். 1797-ல கடன்ல மாட்டின நகராட்சி அந்த நிலத்தையே வித்துட்டுது. அது முயல் வியாபாரிங்க கைக்குப் போய், ஊரு முழுக்க முயல், தரை முழுக்க வளை. கோல்ஃப் ஆடுறவங்களுக்கும் முயல்காரங்களுக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் அடிதடி, கோர்ட்டு, கேஸு. 1821-ல ஜேம்ஸ் சீப்னு கோல்ஃப் ஆடுற ஒரு நிலக்காரர் வாங்கினப்புறம்தான் ஓய்ஞ்சுது. கடைசியில 1894-ல பார்லிமென்ட் சட்டம் போட்டு நிலம் திரும்ப ஊருக்கே வந்துச்சு. 1974 சட்டத்துல வந்த டிரஸ்ட்தான் இப்போ பாத்துக்குது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இந்த மைதானத்தை யாரும் பேப்பர்ல வரைஞ்சு கட்டலை. காத்துக்கு ஒதுங்கி ஆடு படுத்த பள்ளந்தான் பங்கர் ஆச்சுன்னு சொல்வாங்க. மொத்தம் 112 பங்கர். முந்தி எதிர்த் திசையிலதான் ஆடியிருக்காங்க, அதனால பல பங்கர் இப்போ அடிக்கிறவன் கண்ணுக்கே தெரியாது. பந்து உருண்டு உள்ள விழுந்தப்புறம்தான் 'அட, இங்க ஒண்ணு இருக்கா'ன்னு தெரியும். டைகர் உட்ஸ் 2000-ல இங்க ஓபன் ஜெயிச்சப்ப நாலு நாள்ல ஒரு பங்கர்லகூட விழலை. அந்தத் தரையைப் பார்த்தப்புறம்தான் அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிஞ்சுது.

ஒரே பாதையில போயிட்டு திரும்பி வர்ற கணக்கு. கூட்டம் அதிகமானதும் ஒரே க்ரீன்ல ரெண்டு குழி வெச்சுட்டாங்க. அப்படி 7 ஜோடி. ஜோடியோட எண்ணைக் கூட்டினா எல்லாம் 18! (2-ம் 16-ம், 3-ம் 15-ம்... இந்த மாதிரி மேட்டர்னா நமக்கு குஷிதானே.) தரை கெட்டி, பந்து ஓடும். கடல் காத்து ஆளையே தள்ளும். உசரத் தூக்கி அடிச்சா காத்து எங்க கொண்டு போடும்னே சொல்ல முடியாது, தரையோட உருட்டணும். காலையில சரியா இருந்த கணக்கு சாயங்காலம் தப்பாயிடும்.

இதைப் படிச்சப்ப எனக்குக் கொசுவத்தி சுத்திருச்சு. எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு செம்மண் பொட்டல். அப்பத்தா அதை மந்தைன்னுதான் சொல்லும். அங்க எங்க கிரிக்கெட் ரூலையும் தரைதான் போட்டுச்சு. கருவேல மரத்துல பட்டா ரெண்டு ரன், கண்மாய்க்குள்ள விழுந்தா அவுட்டு. செம்புறாங்கல் தலைநீட்டின பக்கம் பந்து எகிறும், அந்தப் பக்கம் பவுலிங் போட சண்டை நடக்கும். புதுசா வர்றவன் அங்க ஒரு ஓவர் தாங்கமாட்டான்.

நான் காலேஜ் முடிக்கிறதுக்குள்ள கல்லு நட்டு, கலர் கொடி கட்டி பிளாட் போட்டுட்டாங்க. அது பட்டா நிலமா, புறம்போக்கான்னு எங்க செட்டுல ஒருத்தனும் போய் அடங்கல் பார்க்கலை, நானும்தான். 'புறம்போக்கு'ங்கிறதையே நாம திட்டுற வார்த்தையா ஆக்கிட்டோமே, யாரு போய் பார்ப்பா? அங்க என்னடான்னா, முயலுக்காக இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடந்திருக்காங்க.

உங்க ஊர் மந்தை இன்னும் மந்தையா இருக்கா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப வி.ஏ.ஓ. ஆபீஸ் பக்கம் ஒரு எட்டு போகணும்.