தியானோவும் சி நிரலின் பிழையும்

தியானோ என்பது மொன்றியல் பல்கலைக்கழகத்தில், யோசுவா பெஞ்சியோ நடத்திய லிசா ஆய்வுக்கூடத்தில் 2007இல் உருவான பைத்தான் நிரல்தொகுப்பு. பித்தகோரசின் வட்டத்தைச் சேர்ந்த கிரேக்கப் பெண் அறிஞரின் பெயர் இதற்கு இடப்பட்டது. பயனர் பைத்தானில் ஒரு கணிதக் கோவையை எழுதுவார். தியானோ அதைச் சி மொழிக்கு மாற்றிக் கம்பைல் செய்து, பைத்தானுக்குள்ளேயே ஏற்றி ஓட்டும். இதனால் வேகம் கூடியது. ஆனால் சி நிரலில் நேர்ந்த பிழையைப் பைத்தானில் இருப்பவருக்கு எப்படித் தெரிவிப்பது என்ற பழைய சிக்கலும் கூடவே வந்தது.

சி மொழியில் எக்செப்ஷன் கிடையாது. ஆகவே பைத்தானோடு பேசும் சி நிரல், பிழையின் வகையையும் செய்தியையும் பதிந்துவிட்டு வெற்று மதிப்பைத் திருப்ப வேண்டும். அதைக் கண்டதும் பைத்தான் எக்செப்ஷனை எழுப்பும். சி++ எக்செப்ஷனைப் பிடிக்காமல் எல்லை தாண்டவிட்டால் நிரலே நின்றுபோகும். அதனால் சைத்தான் போன்ற கருவிகள் அதை எல்லையிலேயே பிடித்து, நினைவகப் போதாமையை மெமரிஎரர் என்றும், வரம்பு மீறிய சுட்டெண்ணை இண்டெக்ஸ்எரர் என்றும் மாற்றித் தருகின்றன.

தவறான நினைவக முகவரியைத் தொடும் பிழை இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காது. இயங்குதளமே நிரலைக் கொன்றுவிடும். 2006இல் பைத்தான் 2.5உடன் வந்த சிடைப்ஸ் என்ற நிரல்கூறு, விண்டோஸில் இதையும் எக்செப்ஷனாக மாற்றியது. ஆனால் நினைவகம் ஏற்கெனவே சிதைந்திருக்கக்கூடிய நிலையில் நிரலைத் தொடர்ந்து ஓட்டுவது ஆபத்து. 2012இல் பைத்தான் 3.3இல் சேர்ந்த ஃபால்ட்ஹேண்ட்லர், எந்தப் பைத்தான் வரியில் நிரல் விழுந்தது என்று அச்சிட்டுவிட்டு அதைச் சாகவிடும். இரண்டில் இதுவே சரியான வழி.

தியானோவின் சிக்கல் இன்னும் நுட்பமானது. கோவை எழுதப்படுவது ஓரிடத்தில், ஓடுவது வேறோர் இடத்தில். 3×4 அணியை 5×2 அணியால் பெருக்கச் சொன்ன வரி கோப்பின் தொடக்கத்தில் இருக்கும். பிழையோ, எவ்வளவோ கீழே, கம்பைல் செய்த செயற்கூற்றை அழைக்கும் வரியில் வெடிக்கும். பைத்தான் அந்தக் கடைசி வரியை மட்டுமே காட்டும். பயனருக்கு அதனால் என்ன பயன்?

தியானோ இதை இரண்டு படிகளில் தீர்த்தது. ஒவ்வொரு செயலுக்கும் சி நிரல் எழுதுபவர், பிழையைப் பதிந்தபின் தியானோ கொடுக்கும் 'தோல்வி' துண்டை அங்கே வைக்க வேண்டும். அதுவரை பிடித்துவைத்த பொருள்களை விடுவிக்கும் இடத்துக்கு அது தாவும். அடுத்து, தியானோ பைத்தான் பக்கத்தில் அந்த எக்செப்ஷனைப் பிடித்து, காரணமான கணு (கோவையிலுள்ள ஒரு செயல்) எது, உள்ளீடுகளின் அளவுகள் என்ன, அந்தக் கணு எந்த வரியில் பிறந்தது என்பவற்றைச் சேர்த்து மீண்டும் எழுப்பும். வேகத்துக்காகக் கணுக்களை ஒன்றாக்கி மாற்றும்போது பிறந்த வரி தொலைந்துபோவதுண்டு. அப்போது மேம்படுத்தலைக் குறைத்து மறுபடி ஓட்டும்படி செய்தியே வழி சொல்லும். பிழையைப் பிடிப்பதைவிட அதன் பிறப்பிடத்தைச் சுமந்து வருவதே கடினம் என்று உணர்ந்து செய்த வேலை இது.

2014, 2015 ஆண்டுகளில் ஆழ்கற்றல் ஆய்வில் தியானோ பரவலாக ஆளப்பட்டது. பின்னர் வந்த பைடார்ச் என்ற நிரல்தொகுப்பு ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் ஓட்டியதால், பிழை எழுதிய இடத்திலேயே வெடித்தது. 2017 செப்டம்பரில் தியானோவின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டு, நவம்பரில் 1.0 பதிப்பு வெளியானது. அதன் வழிவந்த பைடென்சர் இன்றும் பிழைக்குக் காரணமான கணுவைப் பெயரிட்டுக் காட்டுகிறது.