வெண்ணெய் ஏற்றுமதியும் குழந்தைகளின் கண்ணொளியும்

நோய்களின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், விற்றமின் ஏ குறைபாட்டினால் கிராமத்துக் குழந்தைகள் பார்வையிழந்த வரலாற்றை ஆராயப் புகுவோர் மருத்துவமனையை விட்டுச் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் செல்ல வேண்டியவராவர். டென்மார்க் நாட்டின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நோய் படிப்படியாக முற்றுவது. முதலில் அந்தி மங்கியதும் குழந்தை தட்டுத் தடுமாறும். பின்னர் வெண்விழி வறண்டு, நுரை படிந்தாற்போன்ற புள்ளிகள் தோன்றும். பிரான்சிய மருத்துவர் பிட்டோ 1863ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தமையால் அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. இறுதியில் கருவிழியின் முன்படலம் மென்மையுற்று உருகிவிடும்; அதன்பின் மீட்சியில்லை. முதற்படிக்கு 'மாலைக்கண்' என்று தமிழில் தனிப்பெயர் இருப்பது, இந்நோய் நம்மவர்க்கும் புதியதன்று என்பதையே காட்டுகின்றது.

1870களில் அமெரிக்கத் தானியம் மலிவாக ஐரோப்பாவிற் குவிந்தபோது, டென்மார்க்கின் விவசாயிகள் தானியத்தைக் கைவிட்டுக் கால்நடை வளர்ப்பின்பால் திரும்பினர். பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் பொறியும் அக்காலத்திலேயே தோன்றியது. 1882இல் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலை எழுந்தது. பொருளியல் நூல்கள் இக்கூட்டுறவு இயக்கத்தை வியந்து போற்றுவது முறையே. எனினும் அதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. வெண்ணெய் பிரித்தானியச் சந்தைக்குச் செல்ல, ஆடை நீக்கிய பாலே பண்ணைக்குத் திரும்பி வந்தது. வறிய குடும்பங்களின் மேசையில் வெண்ணெயின் இடத்தை மலிவான மாஜரின் பிடித்துக்கொண்டது. அக்கால மாஜரினிலோ விற்றமின் ஏ மிக அருகியே இருந்தது.

கொப்பன்ஹேகனிற் குழந்தை மருத்துவராயிருந்த கார்ல் எட்வர்ட் புளொக் என்பார், கண்வறட்சியுற்ற குழந்தைகள் பலரைக் கண்டார். அவர்களுட் பெரும்பாலோர் நகரத்தவரல்லர். பால் சுரக்கும் நாட்டுப்புறத்திலிருந்தே வந்தவர்கள். ஆடை நீக்கிய பாலும் கஞ்சியுமே அவர்தம் உணவு. மீனீரல் எண்ணெய் கொடுத்தபோது, நோய் முற்றாதவர் விரைவில் குணமடைந்தனர். கொழுப்புக் குறைவே காரணமென்று புளொக் முதலிற் கருதினார். ஆனால் எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல என்பதை 1913இல் அமெரிக்காவில் மக்கொலமும் டேவிஸும் எலிகளைக் கொண்டு காட்டியிருந்தனர்: வெண்ணெய்க் கொழுப்புண்டவை வளர்ந்தன; பன்றிக் கொழுப்பும் ஒலிவ எண்ணெயும் உண்டவை தேங்கின.

புளொக்கின் கருத்துக்கு வலுவான சோதனையை மருத்துவர் எவரும் திட்டமிடவில்லை. உலகப் போரே அதனை நிகழ்த்திற்று. 1917இல் நீர்மூழ்கிக் கப்பல்களின் முற்றுகையால் மாஜரினுக்கான மூலப்பொருள்கள் டென்மார்க்கை எட்டவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அரசு வெண்ணெயைப் பங்கீட்டுக்குட்படுத்தி, ஆளொருவர்க்கு வாரம் 250 கிராம் வீதம் ஏழையரும் வாங்கத்தக்க விலையில் வழங்கிற்று. 1918இல் இக்கண்நோய் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. 1919இற் பங்கீடு நீங்க, நோய் மீண்டது. குழந்தைகளின் கண்ணை எண்ணி அரசு அவ்வாணையைப் பிறப்பிக்கவில்லை என்பது நோக்கற்பாலது.

கண்வறட்சியுற்ற குழந்தைகள் தொற்றுநோய்களுக்கு எளிதில் இரையாவதையும் புளொக் குறித்திருந்தார். அக்குறிப்புக்கு உரிய கவனம் கிட்ட நெடுங்காலம் சென்றது. 1970களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் ஆய்வு நிகழ்த்திய அமெரிக்கக் கண் மருத்துவர் அல்பிரெட் சோமர், மாலைக்கண்ணோ பிட்டோ புள்ளியோ உடைய குழந்தைகள் ஏனையோரைவிடச் சராசரியாக நான்கு மடங்கு அதிகமாக இறப்பதை 1983இல் வெளியிட்டார். பார்வை குன்றுவதற்கு அப்பால் உயிரே குன்றுகின்றது என்பது பலர்க்கு நம்பத்தகாததாயிருந்தது. அதன்பொருட்டு ஆச்சே பகுதியில் 450 கிராமங்கள் ஆய்வுக்குட்பட்டன. அவற்றுட் பாதியளவு கிராமங்களிற் குழந்தைகளுக்கு ஆறு திங்களுக்கொருமுறை விற்றமின் ஏ அளிக்கப்பட்டது. ஆங்கு இறப்பு 34 வீதம் குறைந்ததென 1986இல் அறிவிக்கப்பட்டது.

ஐயம் அத்துடன் ஓயவில்லை. 1990இல் ஐதராபாத் ஆய்வாளர் தம் கிராமங்களில் இறப்பு வேறுபாடு எதனையும் காணவில்லை என்றனர். அதே ஆண்டில் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து வெளிவந்த முடிவு இதற்கு நேர்மாறானது. ஆங்கு 15,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடையே நிகழ்ந்த ஆய்வில், விற்றமின் பெற்றோரின் இறப்பு 54 வீதம் குறைந்திருந்தது. இத்திருச்சி ஆய்வில் ஒரு சிறப்புண்டு. ஆச்சேயிற்போல அரையாண்டுக்கொருமுறை பேரளவு மருந்து அளிக்கப்படாது, வாரந்தோறும் சிற்றளவே புகட்டப்பட்டது. அது கீரை, பால், முட்டை முதலிய அன்றாட உணவிலிருந்தே ஒரு குழந்தை பெறக்கூடிய அளவாகும்.